குப்பை என்றொரு விமர்சனச் சொல்

நம் சிறுபத்திரிகை வட்டத்தில் 'அமெரிக்கக் குப்பை' என்ற சொல் விமர்சனத்துக்குப் பதிலாகவே புழங்கி வந்திருக்கிறது. சொல்லிவிட்டால் போதும், படிக்க வேண்டாம், பார்க்க வேண்டாம், கேட்கவும் வேண்டாம். காமிக்ஸ், கௌபாய் படம், மேற்கத்திய மெட்டு எல்லாவற்றின் மேலும் ஒரே முத்திரை.

முத்திரை குத்துகிறவர்கள் பொருளைப் பார்த்ததே இல்லை என்பதுதான் முதல் குற்றச்சாட்டு. 1972இல் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் நாயகன் இரும்புக்கை மாயாவி. அவன் அமெரிக்கனே அல்ல. பிரிட்டிஷ் வாரப் பத்திரிகையில் பிறந்தவன். அவனுக்கு உருவம் தந்த ஹெசூஸ் பிளாஸ்கோ ஸ்பானியர். லயன் காமிக்ஸ் வழியாக நம் சிறுவர்கள் அறிந்த கௌபாய்களில் டெக்ஸ் வில்லர் இத்தாலியப் படைப்பு, லக்கி லூக் பெல்ஜியப் படைப்பு. சினிமாவிலும் இதே கதைதான். செர்ஜியோ லியோனி 1964இல் எடுத்த 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்', 1961இல் வந்த குரோசாவாவின் 'யோஜிம்போ'விலிருந்து எடுத்தது. சந்திரபாபு பாட்டின் நடுவே குரலை உடைத்து எழுப்பிய யோடலிங், ஆல்ப்ஸ் மலை இடையர்களின் கூவல். அமெரிக்காவில் ஜிம்மி ரோஜர்ஸ் அதை 1920களில் நீக்ரோக்களின் ப்ளூஸோடு சேர்த்துப் பாடினார். ஆக, அமெரிக்கா என்று நாம் வைவது பல கைகள் மாறி வந்த ஒரு வடிவத்தை.

இரண்டாவது குற்றச்சாட்டு இன்னும் கடுமையானது. பாரதி விட்மனைப் பற்றி எழுதினான். பிச்சமூர்த்தி புதுக்கவிதைக்கு வந்ததில் விட்மனுக்குப் பங்குண்டு. நாம் மூச்சுக்கு மூச்சு பெயர் சொல்லும் எலியட் பிறந்தது செயின்ட் லூயியில், பவுண்ட் பிறந்தது ஐடஹோவில். நூலகம் வழியாக வந்த அமெரிக்கா நவீனத்துவம். டூரிங் டாக்கீஸ் வழியாகவும் சிவகாசி அச்சு வழியாகவும் வந்தது சீரழிவு! இது ரசனை அல்ல. யார் கையில் இருக்கிறது என்று பார்த்துப் பொருளை எடைபோடும் பழைய மேட்டிமைதான்.

இதற்காகக் காமிக்ஸ் எல்லாவற்றையும் கலை என்று தூக்கிவைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. லீ ஃபாக் 1936இல் படைத்த ஃபேன்டம், காட்டு மக்களுக்கு ஒரு வெள்ளைக்காரனைத் தலைமுறை தலைமுறையாகக் காவல் தெய்வமாக்குகிறான். கறாராகத் தாக்க வேண்டிய இடம் இது. ஆனால் தாக்க வேண்டுமானால் படித்திருக்க வேண்டும். 'குப்பை' என்பவனால் இந்த நஞ்சைக்கூடக் காட்ட முடியாது.

வெளியிலிருந்து வந்த குதிரைவீரனைத் தமிழன் என்ன செய்வான் என்பதற்குத் தொண்டூர்ப் பக்கத்தில் செஞ்சிக் கோட்டையே சாட்சி. தேஜ் சிங் ஒரு புந்தேல ராஜபுத்திரன். 1714இல் ஆர்க்காட்டு நவாபின் படையோடு மோதி இறந்தான். பாமரன் அவனைத் தேசிங்குராஜனாக்கி, குதிரைக்கும் முஸ்லிம் தோழனுக்கும் கதையில் சமபங்கு கொடுத்து, பெரிய எழுத்துப் புத்தகத்திலும் மேடையிலும் வாழவைத்தான். 1960இல் எம்.ஜி.ஆர். நடித்து அது சினிமாவும் ஆயிற்று. இது நகல் அல்ல, செரிமானம். 1972இல் கர்ணனின் 'கங்கா'வில் ஜெய்சங்கர் குதிரையேறியபோது நடந்தது செரிமானமா, வெறும் வேஷமா? விமர்சகன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

செஞ்சி வட்டாரத் திரௌபதி வழிபாட்டையும் கூத்தையும் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, 1988இல் முதல் தொகுதியைக் கொண்டுவந்தவர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் என்ற அமெரிக்கர். பாமரர் கலையை இரவு முழுக்க உட்கார்ந்து பார்க்கும் அந்தப் பொறுமையை நாம் அங்கிருந்து இறக்குமதி செய்யவில்லை.

முத்து காமிக்ஸின் ஒரே ஒரு கதையைக் கட்டம் கட்டமாக, ஒளிப்பதிவாளராகவும் இருந்த கர்ணனின் ஒரே ஒரு படத்தைக் காட்சி காட்சியாக யாராவது எழுதட்டும். அதன் பிறகு குப்பை என்று தீர்ப்புச் சொன்னால் ஏற்றுக்கொள்ளலாம். அதுவரை அந்தச் சொல்லை உச்சரிக்க நமக்கு யோக்கியதை இல்லை.