62-வது பையன்

ஐஸ் ஹாக்கியைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: விழுந்தால் அடிபடும். ஆனாலும் 2022 ஜூலையில், கனடாவின் மான்ட்ரியால் நகரத்தில் அக்கா வீட்டு சோபாவில் உட்கார்ந்துகொண்டு, அந்த ஊர் அணி எந்தப் பையனை எடுக்கவேண்டும் என்று தொண்டை வறளக் கத்தியவர்களில் அடியேனும் உண்டு. விஷயம் தெரியாதது வாதாடுவதற்கு ஒருநாளும் தடையாக இருந்ததில்லை. எட்டு வருஷம் ஆபீஸில் குப்பை கொட்டியவன் சொல்கிறேன், நம்புங்கள்.

போனது அக்காவைப் பார்க்க. ஒரு மாசம். முதல் நாள் காப்பி டம்ளரை நீட்டும்போதே அத்திம்பேர் கேட்டார்: "ரைட்டா, ஸ்லாஃப்கோவ்ஸ்கியா?"

ஏதோ காப்பிப் பொடி பிராண்ட் என்று நினைத்து, "எதுவா இருந்தாலும் சர்க்கரை கம்மியா" என்றேன். அத்திம்பேர் என்னை ஒரு பார்வை பார்த்தார். இரண்டு பேரும் மனுஷப் பிறவிகள் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

உங்களில் பலருக்கும் என் நிலைமைதான் இருக்கும் என்பதால் சின்ன விளக்கம். நம்ம ஐ.பி.எல். ஏலம் தெரியும். கையைத் தூக்குவார்கள், விலை ஏறும், சுத்தியல் விழும். வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீகில் 18 வயசுப் பையன்களுக்கு ஏலம் கிடையாது. 'டிராஃப்ட்' என்று ஒன்று நடக்கும். 32 அணிகள், 7 சுற்று, 224 பெயர்கள். ஒவ்வோர் அணியும் தன் முறை வரும்போது ஒரு பெயரைச் சொல்லும். சொன்னால் முடிந்தது. லீகில் அந்தப் பையன் மேல் அந்த அணிக்குத்தான் உரிமை. அவனுக்கு ஊர் பிடித்திருக்கிறதா, குளிர் ஒத்துக்கொள்ளுமா என்று யாரும் கேட்கமாட்டார்கள். பெண் பார்க்கும் படலம் மாதிரிதான், பஜ்ஜி மட்டும் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. கடைசி இடத்துக்கு வந்த அணிக்குத்தான் முதல் சான்ஸ். 'அப்படியென்றால் வேண்டுமென்றே தோற்பார்களே?' என்பீர்கள். மரியோ லெமியூ என்ற பையனைப் பிடிப்பதற்காக 1984-ல் பிட்ஸ்பர்க் அணி அப்படித்தான் தோற்றது என்று குற்றச்சாட்டே உண்டு. அதனால் 1995-லிருந்து குலுக்கல் வைத்துவிட்டார்கள்.

மான்ட்ரியால் சாதாரண அணி இல்லை. ஸ்டான்லி கோப்பையை 24 தடவை வாங்கிய பரம்பரை. கடைசியாக வாங்கியது 1993-ல். 2021-ல் இறுதிச்சுற்று வரை போனார்கள். அடுத்த வருஷமே லீகில் கடைசி! குலுக்கலிலும் ஜெயித்து முதல் பெயரை வாங்கிவிட்டார்கள். போதாக்குறைக்கு அந்த வருஷ டிராஃப்டும் அவர்களுடைய பெல் சென்டர் அரங்கத்திலேயே. கல்யாணமும் நம்ம வீட்டில், மண்டபமும் நம்முடையது. ஊர் சும்மா இருக்குமா?

அக்கா வீடு இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடந்தது.

அத்திம்பேர், ஷேன் ரைட் கட்சி. சென்டர் ஆடுகிற கனடாப் பையன். 15 வயசிலேயே 'இவன் தனி ரகம்' என்று விசேஷ அனுமதி கொடுத்து, பெரிய பையன்களோடு ஜூனியர் லீகில் ஆடவிட்டார்கள். 2022 டிராஃப்டில் முதல் பெயர் இவன்தான் என்று அப்போதிருந்தே பேச்சு. நடுவில் கோவிட் வந்து ஒரு சீசன் முழுக்க ரத்து. திரும்பி வந்து 63 ஆட்டத்தில் 94 புள்ளி. (கோல் போட்டாலும் ஒரு புள்ளி, கோலுக்குப் பாஸ் கொடுத்தாலும் ஒரு புள்ளி. ஆபீஸில் இந்த இரண்டாவது புள்ளியை யாரும் கொடுப்பதில்லை.)

அக்கா பையன், யுராய் ஸ்லாஃப்கோவ்ஸ்கி கட்சி. ஸ்லோவாகியா. ஆறடிக்கு மேலும் வளர்ந்த ஆஜானுபாகு. பின்லாந்தில் பெரியவர்கள் லீகில் 31 ஆட்டம் ஆடி எடுத்தது மொத்தம் 10 புள்ளி.

"பத்துக்கும் தொண்ணூத்தி நாலுக்கும் வித்தியாசம் தெரியாதாடா?" என்றார் அத்திம்பேர்.

"பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ்ல ஏழு கோல்ப்பா! அப்ப அவனுக்குப் பதினேழு வயசு. ஸ்லோவாகியாவுக்கு வெண்கலம். போட்டியிலேயே பெஸ்ட் பிளேயர் அவன்தான்."

லோகன் கூலி என்று மூன்றாவதாக ஓர் அமெரிக்கப் பையன் இருந்தான். பெயரைக் கேட்டதும் நம்ம ஆளோ என்று பாசம் பொங்கியது. ஆனால் வீட்டில் அவனுக்கு ஓட்டு விழவில்லை. அக்கா மட்டும், "மூணு பேர்ல எவன் சாப்பிட்ட தட்டைத் தானே அலம்பறானோ அவனை எடுங்கோ" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நான் பி.காம். ஒரு கம்பெனியை வாங்குமுன் மூன்று வருஷ பாலன்ஸ் ஷீட் பார்க்கவேண்டும் என்று படித்து, அதை எழுதி, ஃபர்ஸ்ட் கிளாஸும் வாங்கியவன். "ரைட்டுக்குத்தான் ரிக்கார்டு இருக்கு. ஒலிம்பிக்ஸ் ஏழு கோல்ங்கறது தீபாவளி சேல்ஸ். அதை வெச்சு வருஷத்தை எடை போடப்படாது" என்று எடுத்துவிட்டேன். அத்திம்பேர் நெகிழ்ந்துபோய் எனக்கு இன்னொரு தோசைக்கு சிபாரிசு செய்தார்.

இன்னொரு கட்சி வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது. பக்கத்து வீட்டு பிரெஞ்சுத் தாத்தா. செடி வெட்டுகிற கத்தரியோடு எப்போதும் வேலியோரம் நிற்பார். அவர் பேசுவது பிரெஞ்சு, மொழிபெயர்ப்பு அத்திம்பேர். அவருக்குக் கொள்கை ஒன்றுதான்: "யாரை வேணா எடுங்கோ. இன்னொரு 1980 மட்டும் வேண்டாம்."

அது என்ன 1980? அந்த வருஷமும் மான்ட்ரியாலுக்கு முதல் பெயர். அப்போதும் டிராஃப்ட் மான்ட்ரியாலில்தான். டெனி சவார் என்று உள்ளூர்ப் பையன், பிரெஞ்சு பேசுகிறவன், கண்ணெதிரே வளர்ந்தவன். ஊர் அவனைக் கேட்டது. நிர்வாகம் ரெஜைனா என்ற ஊரிலிருந்து டக் விக்கன்ஹைசர் என்ற பையனை எடுத்தது. சவார் மூன்றாவது பெயராக சிகாகோவுக்குப் போய், பின்னால் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் பிடித்தார். விக்கன்ஹைசரை 1983 டிசம்பரில் செயின்ட் லூயிஸ் அணிக்குத் தள்ளிவிட்டார்கள். 42 வருஷமாகியும் தாத்தா அந்தப் பெயரை நாம் 'விடியாமூஞ்சி' என்று சொல்கிற தொனியில்தான் சொன்னார்.

ஜூலை 7. ராத்திரி ஏழு மணி. அத்திம்பேர் சிவப்பு ஜெர்சியில். மேடையில் பெயரைச் சொன்னார்கள்.

யுராய் ஸ்லாஃப்கோவ்ஸ்கி.

அக்கா பையன் சோபா மேல் ஏறிக் குதித்தான். அத்திம்பேர் ரிமோட்டை அக்கா கையில் கொடுத்து, "சீரியல் வெச்சுக்கோ" என்றார். ஒரு நிமிஷத்தில் மனசு கேட்காமல் திரும்ப வாங்கினார். ரைட் இரண்டாவதாகவாவது போவான் இல்லையா?

போகவில்லை. நியூ ஜெர்ஸி இன்னொரு ஸ்லோவாகியப் பையனைச் சொன்னது. மூன்றாவது அரிஸோனா. அவர்கள் கூலி.

கேமரா ரைட்டையே சுற்றிச் சுற்றி வந்தது. கோட்டும் டையுமாக உட்கார்ந்திருந்தான். பதினெட்டு வயசு முகம். அதில் எதுவும் தெரிந்துவிடக்கூடாது என்று அவன் படும் பாடு மட்டும் நன்றாகத் தெரிந்தது. "கணக்கு தப்பாயிடுத்தே" என்று அத்திம்பேர் ஆரம்பித்தார்.

சோபாவிலிருந்து இறங்கியிருந்த பையன், "கேமராவை எடுக்கச் சொல்லுங்கப்பா" என்றான். குரல் வேறு மாதிரி இருந்தது.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். அவனுக்கு அப்போது பத்தொன்பது. அந்த வருஷம்தான் யூனிவர்சிட்டிகளுக்கு மனு போட்டிருந்தான். ஆசைப்பட்டது ஒன்று. கிடைத்தது, அவன் எழுதிவைத்த வரிசையில் நாலாவது. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. நான் வந்த அன்றே அக்கா சமையலறையில் வைத்து, "அந்தப் பேச்சை எடுக்காதே" என்று சொல்லிவைத்திருந்தாள்.

அத்திம்பேர் டிவியை அணைத்தார். ரைட்டை நாலாவதாக சியாட்டில் எடுத்த சேதி எங்களுக்கு மறுநாள் பேப்பரில்தான் கிடைத்தது.

மறுநாள் மிச்சச் சுற்றுகள். அதை யார் பார்ப்பார்கள்? ஊருக்கு எடுத்துப்போக சாக்லேட் வாங்கக் கடைக்குப் போய்விட்டோம். அந்த நேரத்தில் மான்ட்ரியால் 62-வது பெயராக லேன் ஹட்ஸன் என்ற ஒருவனைச் சொல்லியிருக்கிறது. டிஃபென்ஸ். ஆறடிகூட இல்லாத சின்ன உருவம். அவனுக்காக எந்த வீட்டிலும் தோசை கருகியிருக்காது.

அதற்கப்புறம் நடந்ததை நான் சென்னையிலிருந்து, அத்திம்பேரின் போன் மூலமாகவே அறிந்தேன்.

2022 டிசம்பரில் ஒரு காலை: "ரைட் லீக்ல முதல் கோல் போட்டுட்டான்டா! யாருக்கு எதிரா? நமக்கு எதிரா! நன்னா வேணும்."

2023 ஜனவரி: "ஸ்லாஃப்கோவ்ஸ்கிக்கு முழங்கால் அடி. சீசன் ஓவர். 39 ஆட்டம், 4 கோல். நான் சொன்னேனா இல்லையா?"

2024 ஜூலை: "50 புள்ளி எடுத்தான் பார்த்தியா! எட்டு வருஷத்துக்கு ஆறு கோடி டாலருக்கு மேல ஒப்பந்தம். பையன் தேறுவான்னு நான் அப்பவே சொன்னேன்."

எப்போது என்று நான் கேட்கவில்லை. அத்திம்பேர் உறவு, அப்படித்தான் ஓட்டவேண்டும்.

2024-25 சீசன் முடிந்ததும் பி.காம். புத்தி சும்மா இராமல் கணக்குப் பார்த்தேன். நாங்கள் ஓட்டே போடாத கூலி 65 புள்ளி. ஸ்லாஃப்கோவ்ஸ்கி 51. ரைட் 44. கடையில் நாங்கள் சாக்லேட் வாங்கிய நேரத்தில் எடுக்கப்பட்ட ஹட்ஸன் 66! லீகின் சிறந்த புதுமுகம் என்று கால்டர் கோப்பையும் அவனுக்கே. அவன் பெயருக்கு முன்னால் மான்ட்ரியாலே மூன்று பெயர்களைச் சொல்லியிருந்தது. மூன்று வருஷ பாலன்ஸ் ஷீட் பார்க்கச் சொன்ன ஆசாமியைத் தேடுகிறேன்.

ஆக, யாருக்கும் தெரியாது. வேலையே அதுவாக ஊர் ஊராகப் போய்ப் பார்க்கிறவர்களுக்கும் பாதிதான் தெரியும். 1974-ல் பஃபலோ அணியின் மேலாளர் பஞ்ச் இம்லாக், டெலிபோனிலேயே இழுத்துக்கொண்டு போன டிராஃப்டில் அலுத்துப்போய், 11-வது சுற்றில் 'டோக்கியோ கட்டானாஸ் அணியின் டாரோ சுஜிமோட்டோ' என்று ஒரு பெயரைச் சொன்னார். லீகும் 183-வது பெயராகப் பதிவு செய்துகொண்டது. அப்படி ஒரு பையனும் இல்லை, அப்படி ஓர் அணியும் இல்லை! பின்னால் வெளியே வந்தபோது பஃபலோ ரசிகர்கள் கோபப்படவில்லை. இன்னும் அந்தப் பெயரைச் செல்லமாகத்தான் சொல்வார்கள். இல்லாத பையனுக்குக் கிடைக்கிற இந்த மரியாதை, இருக்கிற பையன்களுக்குக் கிடைப்பதில்லை.

விக்கன்ஹைசரையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் ஊர் திரும்புவதற்கு முன் ஒரு மத்தியானம் அவரைப் பற்றிப் படித்துப் பார்த்தேன். 1979-80 ஜூனியர் சீசனில் 89 கோல், மொத்தம் 170 புள்ளி. அந்தக் கணக்கை வைத்தால் யாராக இருந்தாலும் அவரைத்தான் எடுத்திருப்பார்கள். முதல் பெயரை அவர் கேட்டு வாங்கவில்லை. செயின்ட் லூயிஸ் போன இடத்தில் 1985-ல் விபத்து, முழங்கால் போனது. தேறி வந்தார். 1986 மே 12, திங்கட்கிழமை. கால்கரி அணியோடு அரையிறுதியில் ஆறாவது ஆட்டம். கடைசிக் கட்டத்தில் 5-2 என்று பின்தங்கிய செயின்ட் லூயிஸ் 5-5 ஆக்கி, கூடுதல் நேரத்தில் ஜெயித்தது. அந்த ஆறாவது கோல் விக்கன்ஹைசருடையது. அந்த ஊரில் அந்த ராத்திரிக்கு 'திங்கட்கிழமை அதிசயம்' என்றே பெயர். 1999-ல் புற்றுநோயில் போய்விட்டார். 37 வயசு.

கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் தாத்தா வேலியோரம் நின்றுகொண்டிருந்தார். அத்திம்பேரை இழுத்துக்கொண்டு போய், "1986-ல அந்தத் திங்கட்கிழமை கோலைப் பார்த்தாரான்னு கேளுங்கோ" என்றேன்.

கத்தரி நின்றது. தாத்தா செடியைப் பார்த்துக்கொண்டே ஏதோ சொன்னார். அத்திம்பேர் உடனே மொழிபெயர்க்கவில்லை.

"என்னங்கறார்?"

"பார்த்தாராம். ஆத்துல எல்லாரும் தூங்கிண்டிருந்தாளாம். சத்தம் வராம கைதட்டினாராம்."

"இதை ஏன் இத்தனை நாள் சொல்லலை?"

அத்திம்பேர் கேட்டார். தாத்தா தோளைக் குலுக்கினார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

வீட்டுக்குள் வந்ததும் அத்திம்பேர் செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடிப்படி அருகே நின்று பையனைக் கூப்பிட்டார். அவன் தலையை மட்டும் நீட்டினான்.

"டேய், செப்டம்பர்ல அந்தக் காலேஜுக்கு எந்த பஸ்ல போகணும்?"

நான் வந்த ஒரு மாசத்தில் அந்தக் காலேஜின் பேச்சு அந்த வீட்டில் எழுந்தது அதுதான் முதல் தடவை. அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அடுப்பில் தோசை கருகிக்கொண்டிருந்தது. யாரும் சொல்லவில்லை.

பையன் இரண்டு படி இறங்கி வந்து உட்கார்ந்தான்.

"பஸ் இல்லப்பா. மெட்ரோ."