லாலாங் புல்லும் செத்துப்போனால்?

லாலாங் புல்லைத் திட்டாத தோட்டத்தார் உண்டா? அது அடியோடு அழிந்தால் நல்லதுதானே என்பீர்கள். சற்றுப் பொறுங்கள். நெல்லும் புல் இனம்தான். கோதுமை, சோளம், கரும்பு, மூங்கில்கூட அந்தக் குடும்பமே.

ஆங்கில எழுத்தாளர் ஜான் கிறிஸ்டஃபர் 1956-இல் ‘தி டெத் ஆஃப் கிராஸ்’, அதாவது ‘புல்லின் சாவு’, என்றொரு நாவல் எழுதினார். சீனாவில் நெற்பயிரைத் தாக்கும் ஒரு கிருமி, பிறகு உலகத்துப் புல்லையெல்லாம் கொல்கிறது. மாட்டுக்கு மேய்ச்சல் இல்லை. மனிதனுக்கு மாவு இல்லை. லண்டனில் கண்ணியமாக வாழ்ந்த ஜான் என்ற பொறியாளர், மனைவி மக்களோடு தம் சகோதரரின் பண்ணையை நோக்கி ஓடுகிறார். அங்கே உருளைக்கிழங்கு விளைகிறது. வழியில், உணவுக்காக ஒரு குடியானவர் வீட்டில் கொலை நடக்கிறது. செய்தவர்களில் ஜானும் ஒருவர்! கிருமியைவிட அந்த இடம்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

கதைதானே என்று ஒதுக்கவும் முடியவில்லை. நம் பால்மரத்தின் தாயகம் பிரேசில். மோட்டார் கார் முதலாளி ஹென்றி ஃபோர்டு 1928-இல் அங்கே பெரிய ரப்பர் தோட்டம் தொடங்கினார். காட்டில் சிதறி நின்ற மரத்தை நிரை நிரையாக நெருக்கி நட்டார்கள். இலைக்கருகல் நோய் மரத்துக்கு மரம் தாவி மொட்டையடித்தது. 1945-இல் கம்பெனி அரசாங்கத்திடமே விற்றுவிட்டுக் கிளம்பியது.

அந்த நோய் இன்னும் நம் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் அதன் வித்து கண்ணுக்குத் தெரியாத தூசு. பயணியின் சட்டையிலும் சப்பாத்திலும் ஒட்டிக்கொண்டு வரக்கூடியது.