பழைய லெப்டொப்பை மூலையில் போட முன்...



2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிந்துவிட்டது. நம் வீடுகளில் உள்ள பல பழைய லெப்டொப்கள் விண்டோஸ் 11ஐ ஏற்காது. உயர்தரம் படிக்கும் பிள்ளைக்குப் புதிது வாங்க எத்தனை பெற்றோரால் முடியும்?

நாங்கள் பழைய லெப்டொப்பில் லினக்ஸ் மின்ட் போட்டுப் பாவிக்கிறோம். இலவசம். பாடக்குறிப்பு, புள்ளிப் பட்டியல், சூம் வகுப்பு எல்லாம் நடக்கிறது. முதலில் பென் டிரைவில் இருந்தே ஓட்டிப் பார்க்கலாம். நிறுவாதவரை உள்ளே இருப்பது அழியாது. கேரள அரசுப் பாடசாலைகளில் பல வருடங்களாக லினக்ஸில்தான் கற்பிக்கிறார்கள்.

கஷ்டமும் உண்டு, மறைக்கவில்லை. பாமினியில் அடித்த வினாத்தாளை லிப்ரே ஒஃபிஸில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துகள்! பாமினி எழுத்துருவை நிறுவினால் தமிழ் வரும். ஆனாலும் அட்டவணைகள் சிலவேளை குலையும்.

யோசித்துப் பார்த்தால், இதில் பாதிக் குறை நம்முடையது. வினாத்தாளை யுனிகோடில் அடித்தால் எந்தக் கணினியிலும், போனிலும் தமிழாகவே தெரியும். ரெங்கநாதன் விசைப்பலகை லினக்ஸிலும் இருக்கிறது. பாமினியில் பழகிய கைக்கு அது பெரிதும் அந்நியமாக இராது.

ஆசிரிய சகோதர சகோதரிகளே, அடுத்த தவணை வினாத்தாளையாவது யுனிகோடில் அடிப்போமா? பழைய லெப்டொப் வைத்திருக்கும் ஒரு பிள்ளைக்கு அது பெரிய உதவி.