சுவரில் அறையப்பட்ட செய்தி

கோடைக்கு ஊட்டி போகிறவர்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மலர்க் கண்காட்சி பற்றியோ, மலைப்பாதை டிராஃபிக் பற்றியோ அல்ல. நீங்கள் தங்கப்போகும் பங்களாவின் சுவரைப் பற்றி.

குன்னூர், கோத்தகிரி பக்கம் துரைமார்கள் குடியிருந்த எஸ்டேட் பங்களாக்களில் சில இப்போது 'ஹெரிடேஜ்' விடுதிகள். ஒரு ராத்திரி வாடகையைக் கேட்டால் மயக்கம் வரும், அதை விடுங்கள். கணப்பு, தேக்கு நாற்காலி, காட்டெருமைத் தலை என்று உள்ளே எல்லாம் இருக்கும். அந்த வரிசையில் புதிதாகச் சேர்ந்திருப்பது பழைய அச்சகச் சாமான். மர எழுத்துகள், ஈய பிளாக்குகள், அப்புறம் ஒரு பழுப்பு அட்டை. செய்தித்தாளின் பக்கம் முழுக்க அதில் பள்ளம் பள்ளமாகப் பதிந்திருக்கும். கண்ணாடி, சட்டம், மேலே ஒரு மஞ்சள் லைட். பெயர் 'வின்டேஜ் வால் ஆர்ட்'.

என்ன பத்திரிகை, என்ன தேதி என்று கேட்டுப் பாருங்கள். 'டெக்ஸ்சர்' பற்றிச் சொல்வார்கள்.

அது என்ன என்று நான் சொல்கிறேன். அந்தக் காலத்தில் அச்சுக்கோப்பவர்கள் ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கி, வரி வரியாகக் கோத்து ஒரு பக்கத்தை முடுக்குவார்கள். ரோட்டரி மெஷினோ உருளையில் சுற்றுவது. தட்டையான பக்கத்தை அதில் மாட்ட முடியாது. அதனால் கோத்த பக்கத்தின் மேல் ஈரக் காகிதக்கூழ் அட்டையை வைத்து அழுத்தி, காயவைத்து, வளைத்து, அதற்குள் ஈயத்தை உருக்கி ஊற்றுவார்கள். அரை உருளையாக ஒரு தகடு வரும். அது மெஷினுக்குப் போகும். லியோன் நகரத்து கிளாட் ஜெனூ 1829ல் கண்டுபிடித்த வித்தை இது. அட்டைக்கு ஆங்கிலத்தில் ஃப்ளாங் என்று பெயர். ஈயத் தகட்டை மறுபடி உருக்கி அடுத்த நாள் பேப்பருக்கு ஊற்றிவிடலாம். அட்டை மட்டும் எங்காவது மூலையில் தங்கிப் போகும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஈய எழுத்து கண்ணாடியில் பார்த்த மாதிரி இடவலம் மாறி இருக்கும். அதன் மேல் அழுத்திய அட்டையில் எழுத்து நேராக விழும். அதாவது, வாசிக்கலாம் ஸார்! பக்கவாட்டில் ஒரு டார்ச் அடித்தால் போதும், நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். வாசிக்க முடியாததால் அலங்காரம் ஆக்கினோம் என்ற சாக்குக்கே இடமில்லை. வாசிக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

வாசித்தால் என்ன கிடைக்கும்? 1975 ஜூன் 28 அன்று எமர்ஜென்சி தணிக்கையை எதிர்த்து 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' தலையங்கத்தை வெற்றிடமாக விட்டது. அப்படி ஒரு பக்கத்தின் அட்டை அலங்கார நிபுணர் கையில் சிக்கினால் அவர் அந்தக் காலியிடத்தில் சந்தோஷமாக ஒரு கடிகாரத்தைப் பொருத்துவார்.

தமிழ் அட்டை என்றால் இன்னும் விசேஷம். அதில் யானைத் துதிக்கை வைத்த பழைய 'லை', 'ணை', கொக்கி போட்ட 'றா', 'னா' இருக்கிறதா பாருங்கள். பெரியார் 1935லேயே 'குடி அரசு' இதழில் இவற்றை மாற்றிவிட்டார். அரசாங்கம் ஏற்றுக்கொண்டது 1978ல். ஆக எழுத்தைப் பார்த்தே அந்தப் பக்கத்தின் வயதை ஓரளவு சொல்லிவிடலாம். உங்கள் 'டெக்ஸ்சர்' அதுதான்.

நீலகிரிக்கே வருகிறேன். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்களுக்கு வேலை கொடுக்க 1968ல் இங்கே அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கியது. அந்த வருஷங்களின் தமிழ்ப் பத்திரிகைப் பக்கம் ஒன்று பங்களா சுவரில் தொங்குகிறது என்று வையுங்கள். ஒரு மூலையில், சின்ன எழுத்தில், கப்பலில் வந்திறங்கிய குடும்பங்கள் பற்றி நாலு வரி இருக்கலாம். அதன் கீழே உட்கார்ந்து நீங்கள் ஆம்லெட் சாப்பிடுகிறீர்கள். டீ கொண்டுவந்து வைக்கிற பையனின் தாத்தா அந்தக் கப்பலில் வந்தவராக இருக்கலாம். பையனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். அவன் எட்டிப் பார்க்க முடியாத உயரத்தில் மாட்டியிருக்கிறார்கள்.

'நான் வாங்காவிட்டால் அது உலைக்குப் போயிருக்கும்' என்று சேகரிப்பாளர் சொல்வார். நியாயம்தான். கம்ப்யூட்டரும் ஆஃப்செட்டும் வந்தபோது தெருமுனை அச்சகங்கள் எழுத்தைக் கிலோ கணக்கில் போட்டுவிட்டுப் போயின. ஈயத் தூசியைச் சுவாசித்து, கண்ணைக் கெடுத்துக்கொண்டு வேலை பார்த்த அச்சுக்கோப்பவர்களை நாம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. இந்திய மொழிகளில் முதலில் அச்சேறியது தமிழ், 1578, கொல்லம் என்று மேடையில் மார் தட்டுவதற்கு மட்டும் குறைச்சல் இல்லை. அந்த நேரத்தில் காயலான் கடையில் காசு கொடுத்து வாங்கிக் காப்பாற்றியவருக்கு ஒரு கும்பிடு. என் சண்டை அவரோடு அல்ல. முழுப் பக்கத்தை நாலாக வெட்டி நாலு ஃபிரேம் ஆக்குகிறவரோடு. பள்ளத்தை அடைக்கிற மாதிரி தங்க ஸ்பிரே அடிக்கிறவரோடு. எந்த அச்சகத்திலிருந்து வந்தது என்று ஒரு துண்டுச்சீட்டுகூட எழுதி வைக்காமல் கைமாற்றுகிறவரோடு.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்றும் இருக்க முடியாது. 1972 தொல்பொருள் சட்டம், பொருளென்றால் நூறு வருஷம், வரலாற்று மதிப்புள்ள ஆவணமென்றால் 75 வருஷம் ஆகியிருக்க வேண்டும் என்கிறது. 1964ஆம் வருஷத்துப் பக்கம் 2039 வரை காத்திருக்க வேண்டும். காகிதக்கூழ் அட்டை, அதுவும் தென்மேற்குப் பருவமழை முடிந்த கையோடு வடகிழக்கும் வந்து நனைக்கிற குன்னூரில், அத்தனை வருஷம் தாங்குமா? பூஞ்சைக்குச் செய்தியும் சோறும் ஒன்றுதான்.

வைத்திருக்கிறவர்களைக் கேட்கிறேன்: மாட்டிக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் விளக்கைச் சாய்த்துப் பிடித்து ஒரு போட்டோ எடுங்கள். கைபேசி போதும். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் 1994 முதல் இயங்குகிறது. ஊட்டியிலேயே நீலகிரி நூலகம் இருக்கிறது. ஒரு பிரதியை அனுப்பிக் கேளுங்கள். பத்திரிகைப் பெயர், தேதி, எங்கே வாங்கியது என்ற மூன்றையும் ஃபிரேமுக்குப் பின்னால் ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். விருந்தாளி கேட்டால் 'டெக்ஸ்சர்' என்று சொல்லாமல் தப்பிக்கலாம்.

இன்னொன்று. ஊட்டி இந்துநகரில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்று ஒரு தொழிற்சாலை இருந்தது. 1960ல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம். சினிமா, எக்ஸ்ரே ஃபிலிம்களோடு அச்சகங்களுக்கான ஃபிலிமும் செய்தார்கள். ஈயத்தைத் துரத்திய ஆஃப்செட்டுக்குத் தீனி போட்டது அந்த ஃபிலிம்தான். பிறகு கம்ப்யூட்டர் வந்து ஃபிலிமையும் துரத்தியது, தொழிற்சாலையும் மூடப்பட்டுவிட்டது. அதன் 'இந்து' ஃபிலிம் டப்பாக்கள் சீக்கிரம் பங்களா அலமாரிகளுக்கு வந்து சேரும் பாருங்கள். வாங்குகிறவர், பளபளப்பாக இருக்கட்டும் என்று மேலே ஒட்டியிருக்கும் லேபிளைச் சுரண்டிவிடாமல் இருந்தால் சரி.