கந்தகப் புகை குடையாகுமா?

மார்கழி, தை மாதங்களில் தில்லியில் காலை பத்து மணிக்கும் சூரியன் மங்கிய வெள்ளித் தட்டுப்போலத்தான் தெரிகிறது. இதற்கு மூடுபனி மட்டும் காரணமல்ல. காற்றில் மிதக்கும் தூசு, கரி, கந்தகப் புகையிலிருந்து உண்டாகும் சல்பேட் ஆகிய நுண்துகள்கள் சூரிய ஒளியில் ஒரு பங்கைத் தரைக்கு வரவிடாமல் தடுக்கின்றன. இதை வைத்து ஒரு விசித்திரமான வாதம் சில காலமாகக் கிளம்பியிருக்கிறது. கந்தகப் புகை உலகைக் குளிர்விக்கிறதே, அதைப் பெருஞ்செலவு செய்து ஏன் நீக்க வேண்டும் என்கிறார்கள்.

இதில் உண்மையே இல்லை என்று தள்ளிவிட முடியாது. 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலை வெடித்து, ஒன்றரைக் கோடி டன் அளவுக்குக் கந்தக டை ஆக்சைடை வானில் கக்கியது. மறு ஆண்டு உலகின் சராசரி வெப்பநிலை சுமார் அரை டிகிரி இறங்கியது. மனிதன் விடும் துகள்கள் மறைத்து வைத்திருக்கும் வெப்பம் சுமார் 0.4 டிகிரி என்று சர்வதேச விஞ்ஞானிகள் குழு 2021-ல் மதிப்பிட்டது. குடை இருப்பது மெய்தான். அதற்கு நாம் கொடுக்கும் வாடகை என்ன என்பதே கேள்வி.

1999-ல் இந்து மகாசமுத்திரத்தில் ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த வீரபத்ரன் ராமநாதனும், நோபல் பரிசு பெற்ற பால் குரூட்ஸனும் அதை முன்னின்று நடத்தினார்கள். கடலுக்கு மேல் பழுப்பு நிறப் புகைப்படலம் பரந்து கிடப்பதை அது உலகுக்குக் காட்டியது. கடலில் விழும் ஒளி குறைந்தால் நீர் ஆவியாவது குறைகிறது. நிலத்துக்கும் கடலுக்கும் உள்ள வெப்ப வித்தியாசம் சுருங்கினால் பருவக்காற்றும் தளர்கிறது. 1951 முதல் 2015 வரை தென்மேற்குப் பருவமழை சுமார் 6 சதவீதம் குறைந்ததாக மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020-ஆம் ஆண்டு அறிக்கை கூறியது. கங்கைச் சமவெளியிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் குறைவு அதிகம். இதில் துகள்களுக்குக் கணிசமான பங்கு உண்டு என்பதும் அந்த அறிக்கையின் முடிவுதான். நுரையீரல் கொடுக்கும் வாடகையைத் தில்லிவாசிகளுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. கந்தகத் துகள் காற்றில் தங்குவது ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரம். அதே புகைபோக்கியிலிருந்து வரும் கரியமில வாயுவோ நூற்றாண்டுக் கணக்கில் தங்குகிறது. ஆக, குடையை விரித்தே வைத்திருக்க நாள்தோறும் புகைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அடியில் வெப்பமோ ஏறிக்கொண்டே போகும். கடனை அடைக்கக் கடன் வாங்கும் குடும்பஸ்தனின் கதைதான்.

அனல் மின்நிலையங்கள் கந்தகத்தை நீக்க வேண்டும் என்று மத்திய அரசு 2015 டிசம்பரில் விதி வகுத்தது. முதல் கெடு 2017. பிறகு கெடு நீண்டுகொண்டே போயிற்று. 2025 ஜூலையில் முக்கால் பங்குக்கு மேற்பட்ட நிலையங்களுக்கு விலக்கே அளிக்கப்பட்டது, புகைபோக்கி போதிய உயரம் இருந்தால் போதும் என்ற நிபந்தனையுடன். உயரமான புகைபோக்கி புகையை ஒழிப்பதில்லை; அடுத்த ஜில்லாவுக்கு அனுப்பி வைக்கிறது! கந்தக வாயு பல நூறு மைல் பயணம் செய்து, வழியிலேயே துகளாக மாறுகிறது. பதர்பூர் மின்நிலையத்தை 2018-ல் மூடிய பிறகும் தில்லி வானம் தெளியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

புகை நீங்கினால் மறைந்திருக்கும் வெப்பம் வெளிப்படுமே என்ற கவலை நியாயமானது. அதற்கு மாற்று கரித்துகளில் இருக்கிறது. விறகடுப்பு, டீசல், செங்கல் சூளை, வயலில் கொளுத்தும் வைக்கோல் ஆகியவற்றிலிருந்து வரும் கரி குளிர்விப்பதில்லை. அது வெயிலை உறிஞ்சிக் காற்றைச் சுட வைக்கிறது. இமயமலைப் பனியில் படிந்து அதை உருக்குகிறது. கந்தகத்தோடு கரியையும் சேர்த்துக் குறைத்தால், ஒரு பக்கம் ஏறும் சூட்டில் ஒரு பகுதியை மறுபக்கம் ஈடுகட்டலாம். நிலக்கரியைப் படிப்படியாகக் குறைப்பது இதனுடன் சேர்ந்தே நடக்க வேண்டிய வேலை.

தலைநகர் வட்டாரத்திலும் பெருநகரங்களின் அருகிலும் உள்ள நிலையங்களுக்கு 2025 உத்தரவு 2027 இறுதி வரை கெடு கொடுத்தது. அந்தக் கெடுவையாவது இனி ஒரு நாளும் நீட்டக் கூடாது. விலக்குப் பெற்ற நிலையங்களின் புகை எவ்வளவு தூரம் போகிறது என்பதை அளந்து, அந்தக் கணக்கை அரசு பொதுமக்கள் முன் வைக்க வேண்டும்.