எங்கை நிண்டது?

பறவைப் படம் ஒன்றைக் காட்டினால் எங்கள் ஆட்கள் கேட்கிற முதல் கேள்வி, "எங்கை நிண்டது?" என்பதுதான். எத்தனை மணிநேரம் நின்றாய், விரல் விறைக்கவில்லையா என்று கேட்பவர் குறைவு. இடம் மட்டும் வேண்டும். இரண்டு வருடங்களுக்கு முன் நானும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு எரிகிறது.

ரொறொன்ரோவின் லெஸ்லி வீதி தெற்கே ஏரியில் முடிகிற இடத்தில் டொமி தொம்சன் பூங்கா தொடங்குகிறது. அந்தப் பறவை எப்போதோ போய்விட்டது, அதனால்தான் இடத்தின் பெயரைச் சொல்கிறேன். ஏரிக்குள் 5 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிற அந்த நிலம் இயற்கையானதல்ல. துறைமுகத்துக்கு அலைதடுப்பு வேண்டுமென்று 1950களின் கடைசியில் கொட்டத் தொடங்கினார்கள். நகரம் வளர வளர, இடித்த கட்டடங்களின் கல்லும் கொங்கிரீட்டும் தோண்டிய மண்ணும் லொறி லொறியாக அங்கேதான் போயின. கரையோரம் நடந்தால் அலையில் தேய்ந்து உருண்டையாகிப்போன செங்கற்களைக் காணலாம். வளைந்த இரும்புக் கம்பிகளையும் காணலாம். இடிந்த வீடுகளுக்கு நடுவே வளர்ந்தவன் நான். முதல்நாள் அங்கே நீல நிறக் குளியலறை ஓடு ஒட்டியபடி ஒரு சுவர்த்துண்டு கிடந்தது. யாரோ தினமும் முகம் கழுவிய இடம். அன்றைக்குக் கமராவைப் பையிலிருந்து எடுக்கவே மனம் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால் மரங்கள் முழுக்க நீர்க்காகங்களின் கூடுகள், ஆயிரக்கணக்கில். அதற்குப் பிறகு அந்த இடத்தை என்னால் விடமுடியவில்லை.

வேலை நாட்களில் லொறிகள் ஓடுவதால் மாலை 4 மணிக்குப் பிறகுதான் உள்ளே விடுவார்கள். டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்னரே பொழுது பட்டுவிடும். ஆகவே மாரியில் எனக்குச் சனி, ஞாயிறு மட்டும்தான். காரும் உள்ளே போகாது. 2 கிலோ லென்ஸையும் முக்காலியையும் தோளில் சுமந்து, ஏரிக்காற்றில் நடக்கவேண்டும். குளிரில் பற்றரி பாதி நேரத்தில் செத்துவிடும். மற்றதை உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வைத்திருப்பேன். வெண்பனியைக் கண்டால் கமரா அதைச் சாம்பல் என்று எண்ணிப் படத்தை இருட்டாக்கிவிடும். வெளிச்சத்தைக் கூட்டினால் வெள்ளைப் பறவையின் இறகுக் கோடுகள் வெளிறிப்போகும். வீட்டுக்குள் வருமுன் எல்லாவற்றையும் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டவேண்டும், இல்லாவிட்டால் லென்ஸில் நீர் பூத்துவிடும். இவை எதையும் நான் குறையாகச் சொல்லவில்லை. வாரக்கணக்கில் வெறுங்கையோடு திரும்பியதையும் சொல்லவில்லை. பறவை எனக்கு ஒரு கடனும் பட்டிருக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை விடிய, பனி மூடிய கொங்கிரீட் துண்டு ஒன்றின் பக்கத்தில் இன்னொரு பனிக்கட்டி இருப்பதுபோலத் தெரிந்தது. அது தலையைத் திருப்பியது. பனி ஆந்தை. துருவப் பகுதியின் மரமில்லாத வெளியில் பிறந்து, மாரிக்கு எங்கள் ஏரிக்கரை வரை பறந்து வருகிற பறவை. வடக்கே லெமிங் எலிகள் பெருகிய வருடம் என்றால் குஞ்சுகளும் பெருகும். 2013ஆம் ஆண்டு மாரியில் அப்படித்தான் கிழக்குக் கனடா எங்கும் வந்திறங்கின. மற்ற வருடங்களில் ஒன்றைக் காண்பதே அதிர்ஷ்டம். நான் நின்ற இடத்திலேயே பனியில் குந்தினேன். கிட்டப் போகவில்லை. அரைமணி நேரம் போயிருக்கும். அது மஞ்சள் கண்களைத் திறந்து என்னை ஒருமுறை அளந்து பார்த்தது. பிறகு மெல்ல மூடிக்கொண்டது. நான் இருக்கும்போதே நித்திரை கொண்டது! நாலு படம் எடுத்தேனோ ஐந்து எடுத்தேனோ, மீதி நேரம் கமராவை மடியில் வைத்துவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த நாட்டுக்கு வந்தபிறகு மனம் அப்படி அடங்கியிருந்த நாட்கள் எனக்கு அதிகமில்லை.

அன்றிரவு மகிழ்ச்சி தாங்காமல், படம் எடுக்கிற சினேகிதர்களின் வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டேன். "எங்கை நிண்டது?" என்றார்கள். சொன்னேன்.

ஞாயிறு காலை நான் போனபோது இருபது பேருக்கு மேல் நின்றார்கள். அவர்கள் எல்லாரையும் குற்றம் சொல்லமாட்டேன், பலர் தூரத்திலேதான் நின்றார்கள். ஒருவர் கைத்தொலைபேசியை நீட்டியபடி நேரே பறவையை நோக்கி நடந்தார். அது எழுந்து நூறடி தள்ளி இருந்தது. அவர் பின்னாலேயே போனார். கண்ணை மூடிக்கொண்டிருக்கிறது, பறந்தால்தான் படம் என்று இன்னொருவர் கைதட்டினார். நான் சத்தம்போட்டேன். "இது பொது இடம்" என்று பதில் வந்தது. நாலாவது தடவை எழுந்த ஆந்தை ஏரிக்கு மேலே தாழப் பறந்து போனது. பிறகு அதை அங்கே நான் காணவில்லை.

பகலில் அது சும்மா இருப்பதில்லை, இரவு வேட்டைக்குச் சக்தியைச் சேர்த்துவைக்கிறது என்பதை இவர்களுக்கு எப்படி விளங்கவைப்பது? அந்தக் குளிரில் ஒவ்வொரு வீண் பறப்பும் அதன் சாப்பாட்டில் பிடுங்குவதுதான். 2017இல் பனி ஆந்தையை, அழிவுக்கு உள்ளாகக்கூடிய இனம் என்று உலகப் பட்டியலில் சேர்த்தார்கள். அப்படிப்பட்ட உயிரை ஒரு படத்துக்காக ஓட ஓட விரட்டுகிறோம்.

இதைவிடக் கேவலம், கடையில் எலி வாங்கிவந்து பனியில் விடுவது. சிறகு விரித்து, நகம் நீட்டி, லென்ஸை நோக்கி நேரே பாய்ந்து வருகிற ஆந்தைப் படங்கள் எத்தனையோ இப்படித்தான் எடுக்கப்படுகின்றன. மனிதன் நின்றால் இரை கிடைக்கும் என்று பழகிய ஆந்தை பிறகு வீதியோரத்துக்கு வந்து வாகனத்தில் அடிபடும். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்துகிற காட்டுயிர்ப் படப் போட்டியில் 2009இல் பரிசு வாங்கிய ஓநாய்ப் படத்தை, அது பழக்கிய ஓநாய் என்று முடிவெடுத்து அடுத்த வருடமே நீக்கினார்கள். எங்கள் மா. கிருஷ்ணன் பல பாகங்களைத் தானே பொருத்திச் செய்த கனத்த கமராவோடு காடுகளில் அலைந்து, கறுப்பு வெள்ளையில் யானைகளை எடுத்தவர். இன்றைக்கு நொடிக்கு இருபது படம் எடுக்கிற கமரா எங்கள் கையில் இருக்கிறது. பொறுமைதான் இல்லை.

சொந்தக்காரரிடமும் எனக்கு வருத்தம் உண்டு. நித்திரை கொள்கிற அந்த ஆந்தைப் படத்தைப் பெரிதாக்கி வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன். "இவ்வளவு பெரிய லென்ஸை வைச்சுக்கொண்டு, பறவை இத்தினை சின்னனாய் இருக்கே" என்றார் சித்தப்பா. அது சின்னனாக இருப்பதுதான் அந்தப் படம், சித்தப்பா! அதைச் சுற்றியிருக்கிற பனியும் உடைந்த செங்கலும் சாம்பல் ஏரியும்தான் அதற்கு அன்றைக்குக் கிடைத்த வீடு. அந்த வீட்டுக்குள் நான் காலடி வைக்கவில்லை.

போன மாரியில் இன்னொன்றைக் கண்டேன். இரண்டு மணிநேரம் தூரத்தில் இருந்து பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பினேன். படத்தைப் பார்த்த மச்சான், "எங்கை நிண்டது?" என்றான்.

"ஏரிக்கரையிலை."

"எந்தப் பக்கம்?"

"ஒன்ராறியோ ஏரிக்குக் கரை நீளம், மச்சான். இதுக்கு மேலை கேளாதை."