வரிசையின் கடைசியில் கூலி

சென்னையிலுள்ள கடன் மீட்புத் தீர்ப்பாயம் 2025 டிசம்பரில் ஓர் உத்தரவைப் பிறப்பித்தது. கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் முன்னாள் ஊழியர்களுக்குச் சேர வேண்டிய நிலுவைக்காகச் சுமார் 312 கோடி ரூபாயை அதிகாரபூர்வக் கலைப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது அதன் சாரம். அமலாக்கத்துறை இதனைத் தனது சாதனைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. அந்நிறுவனத்தின் விமானங்கள் நின்றுபோனது 2012 அக்டோபரில். அன்று பிறந்த குழந்தை, உத்தரவு வந்தபோது எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்திருக்கும்.

இதற்குச் சரியாக ஓராண்டு முன்னர், 2024 டிசம்பரில், நிதியமைச்சர் நாடாளுமன்றத்தில் இன்னொரு கணக்கைப் படித்தார். விஜய் மல்லையாவின் சொத்துக்களிலிருந்து பொதுத்துறை வங்கிகளுக்கு 14,131 கோடி ரூபாய் மீட்டுத் தரப்பட்டுவிட்டது என்றார். பெங்களூரு கடன் மீட்புத் தீர்ப்பாயம் 2017இல் தீர்மானித்த கடனோ 6,203 கோடியும் அதற்கான வட்டியும். தன்னிடமிருந்து இரு மடங்கு பிடுங்கிவிட்டார்கள் என்று லண்டனிலிருந்து மல்லையா புலம்பினார். வட்டிக் கணக்கைப் பார் என்று எதிர்த்தரப்பு வாதாடியது. இந்த வாக்குவாதம் முழுவதிலும் விமானத்தை இயக்கியவர்களும், அதன் சக்கரத்தைக் கழற்றி மாட்டியவர்களும் எங்கே போனார்கள்? பந்தி முடிந்து இலை எடுத்த பிறகே அவர்கள் உள்ளே அழைக்கப்பட்டார்கள்.

இந்த நகரத்தில் வாழும் எங்களுக்கு அந்த ஆண்டுகள் நன்றாக நினைவிருக்கின்றன. விட்டல் மல்லையா சாலையில் யூபி சிட்டியின் கண்ணாடிக் கோபுரங்கள் பளபளத்தன. விமானத்தில் பயணிகள் ‘விருந்தினர்’ என்று அழைக்கப்பட்டனர். தன் வீட்டுக்கு வந்த விருந்தினரைப் போல் இவர்களை உபசரியுங்கள் என்று தன் பணியாளர்களிடம் சொல்லியிருப்பதாக முதலாளியே திரையில் தோன்றிப் பேசுவார். உபசரித்தவர்களுக்கு 2012 மார்ச் முதல் ஊதியம் நின்றது. ஊதியத்தில் பிடித்த வருமான வரியும் அரசுக் கருவூலத்துக்குப் போய்ச் சேரவில்லை என்பதால் வருமான வரித்துறை நிறுவனத்தின் வங்கிக் கணக்குகளை முடக்கியது. ஏழு மாதம் பொறுத்த பொறியாளர்கள் செப்டம்பர் இறுதியில் வேலையை நிறுத்தினார்கள். நிர்வாகத்தின் பதில் அக்டோபர் 1 அன்று அறிவித்த கதவடைப்பு. அக்டோபர் 4 அன்று தில்லியில் ஊழியர் ஒருவரின் மனைவி தற்கொலை செய்துகொண்டார். கணவருக்குப் பல மாதமாகச் சம்பளமில்லை என்பதே அவர் எழுதி வைத்த காரணம். அக்டோபர் 20 அன்று உரிமம் நிறுத்திவைக்கப்பட்டது. அந்த மாதக் கடைசியில் கிரேட்டர் நொய்டாவில் நடந்த கார்ப் பந்தயத்தில் மல்லையாவுக்குப் பங்குள்ள அணியின் கார்கள் வழக்கம்போல் ஓடின.

இதையெல்லாம் ஒரு தனிமனிதனின் ஊதாரித்தனமாகச் சொல்லி முடிப்பதே முதலாளித்துவப் பத்திரிகைகளின் வழக்கம். கோவா பிறந்தநாள் விருந்தும் உல்லாசப் படகும் அவர்களுக்குப் போதும். நமக்குப் போதாது. அவர் ஊதாரியாக இல்லாமல் சிக்கனக்காரராக இருந்திருந்தால் கூலி வந்திருக்குமா? 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றது. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நின்றது. முதலாளிகள் வேறு, நடந்தது ஒன்றே. ஜெட் நிறுவனத்தைக் கலைக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2024 நவம்பரில். அதுவரை ஐந்தரை ஆண்டுகள் ஆயிரக்கணக்கான ஊழியர்கள் வழக்கு மன்றங்களின் வாசலில் நின்றார்கள்.

உழைப்புச் சக்தியை முதலில் ஒப்படைத்துவிட்டு அதன் விலையைப் பின்னால் பெறுகிறவர் தொழிலாளி. அந்த இடைவெளியில் அவர்தான் முதலாளிக்குக் கடன் கொடுத்தவர். ‘மூலதனம்’ முதல் தொகுதியில் மார்க்ஸ் இதைக் காட்டுவதோடு, முதலாளி நொடித்தால் அந்தக் கடன் மூழ்கும் என்பதையும் சேர்த்தே சொல்கிறார். வங்கி கொடுத்த கடனுக்கு ஈடு உண்டு. கிங்ஃபிஷர் என்னும் பெயரையே 4,000 கோடிக்கு மேல் மதிப்பிட்டு அடமானமாக ஏற்றன வங்கிகள்; 2016 ஏப்ரலில் 366 கோடிச் சொச்சத்துக்கு ஏலம் விட்டபோது வாங்க ஆளில்லை. 2011இல் கடனின் ஒரு பகுதியைப் பங்காக மாற்றியபோது, சந்தை விலையைவிட 61 சதவீதத்துக்கும் மேல் கூடுதலாகக் கொடுத்தார்கள். மக்களின் சேமிப்பை வைத்து இத்தனை தாராளம்! ஏழு மாதம் கடன் கொடுத்த பொறியாளரிடம் என்ன ஈடு இருந்தது?

சட்டம் இதை அறியாததன்று. நிறுவனக் கலைப்பு வழக்கில் தொழிலாளர் தரப்பையும் கேட்க வேண்டும் என்று தேசியப் பஞ்சாலைத் தொழிலாளர் சங்கத்தின் வழக்கில் 1982 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1985இல் நிறுவனச் சட்டம் திருத்தப்பட்டு, தொழிலாளர் நிலுவை ஈடுபெற்ற கடனுக்குச் சமமான இடத்தில் வைக்கப்பட்டது. போராடிப் பெற்ற உரிமை அது. ஆனால் ‘தொழிலாளி’ யார்?

ஒரு மொழிபெயர்ப்பாளனாக இந்தச் சொல்லோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டியிருக்கிறேன். சட்டத்தில் ‘தொழிலாளி’ வேறு, ‘ஊழியர்’ வேறு. இரண்டையும் ஒன்றாக எழுதினால் தமிழ் அழகாக இருக்கும், பொருள் கெடும். 2016ஆம் ஆண்டின் திவால் சட்டத்தில் தொழிலாளியின் 24 மாத நிலுவை வங்கிக்குச் சமமாக நிற்கிறது. மற்ற ஊழியருக்கு 12 மாத நிலுவை மட்டும், அதுவும் அடுத்த படியில். சிவப்புச் சீருடையும் ஆங்கிலப் பேச்சும் தங்களைத் தொழிலாளி என்னும் சொல்லிலிருந்து உயர்த்திவிட்டதாக நினைத்த பல இளைஞர்கள், அந்தச் சொல்லில்தான் தங்கள் பணம் இருந்தது என்பதை நிறுவனம் மூழ்கிய பிறகே அறிந்தார்கள். விமானிகளின் ஊதிய வழக்கைத் தனியார் நடுவரிடம் தள்ளிவிடக் கிங்ஃபிஷர் நிர்வாகம் முயன்றது. தொழில் தகராறு தொழிலாளர் நீதிமன்றத்துக்கே உரியது என்று மும்பை உயர் நீதிமன்றம் 2012 ஆகஸ்டில் அந்த வழியை அடைத்தது.

அந்தச் சட்டமே இப்போது மாற்றப்பட்டுவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துள்ளன. அவற்றில் இரண்டை அருகருகே வைத்துப் படியுங்கள். உரிய ஊதியத்தைக் குறைத்துக் கொடுக்கும் முதலாளிக்கு முதல் முறை 50,000 ரூபாய் வரை அபராதம் மட்டுமே, சிறை இல்லை. முன்னறிவிப்பு இன்றி வேலையை நிறுத்தும் தொழிலாளிக்கோ ஒரு மாதம் வரை சிறை உண்டு. பாதிப்பேர் ஒரே நாளில் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தம். 2024 மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானப் பணியாளர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் உடல்நலமில்லை என்று சொல்லி வேலைக்கு வராமலிருந்தனர். நிர்வாகம் 25 பேரை நீக்கியது. இரண்டே நாளில் மத்தியத் தொழிலாளர் ஆணையர் முன்னிலையில் பணிந்து அவர்களைத் திரும்ப எடுத்தது. இப்படிப்பட்ட வெற்றிகளைப் பார்த்த பிறகும் முதலாளிகள் அந்தப் பிரிவை ஏன் விரும்ப மாட்டார்கள்?

ஊதியம் மட்டுமல்ல, ஓய்வும் இங்கே தள்ளிவைக்கப்படும் கடன்தான். விமானிகளின் வார ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 ஆக உயர்த்தி, இரவுத் தரையிறக்கத்தை ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்த விதிகள் 2024 ஜனவரியிலேயே வெளியாயின. தள்ளித் தள்ளி 2025 நவம்பரில்தான் முழுமையாக நடைமுறைக்கு வந்தன. இத்தனை அவகாசத்திலும் போதிய விமானிகளைச் சேர்க்காத இண்டிகோ, டிசம்பரில் ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது; பெங்களூரு நிலையத்தில் பயணிகள் பெட்டிகளுக்கு நடுவே தரையில் படுத்துக் கிடந்தனர். அரசு யாரைப் பணியவைத்தது? டிசம்பர் 5 அன்று அந்த நிறுவனத்துக்கே விதியிலிருந்து பிப்ரவரி 10 வரை விலக்கு அளித்தது.

மல்லையாவுக்கு வருவோம். 2002இல் காங்கிரஸ், மதச்சார்பற்ற ஜனதா தளம் ஆதரவோடும், 2010இல் பாஜக, மதச்சார்பற்ற ஜனதா தளம் ஆதரவோடும் கர்நாடகத்திலிருந்து மாநிலங்களவைக்குப் போனவர் அவர். நாட்டைவிட்டுப் போனது 2016 மார்ச் 2. அதற்குச் சில நாள் முன்புதான் டியாஜியோ நிறுவனம் பதவி விலகலுக்காக அவருக்கு 7.5 கோடி டாலர் ஒப்புக்கொண்டது. அதில் நான்கு கோடி டாலரைப் பிள்ளைகளுக்கு மாற்றியதற்காக நீதிமன்ற அவமதிப்பு வழக்கில் 2022இல் கிடைத்த தண்டனை நான்கு மாதச் சிறை, 2,000 ரூபாய் அபராதம்.

312 கோடி இனி கலைப்பாளர் வழியே பிரிக்கப்பட வேண்டும். விமானங்கள் நின்றபோது அங்கிருந்தவர்கள் சுமார் 4,000 பேர். இன்று சிலர் வளைகுடா நாடுகளில், சிலர் வேறு தொழிலில். சிலர் உயிரோடு இல்லை. பெங்களூரின் கிளைத் தோழர்கள் தத்தம் பகுதியில் அந்நிறுவனத்தில் வேலை செய்தவர்களை, இறந்தவர்களின் குடும்பங்களைத் தேடிக் கண்டறிய வேண்டும். அவர்களது கோரிக்கை கலைப்பாளரிடம் பதிவாகியிருக்கிறதா, சம்பளச் சீட்டும் வைப்புநிதி எண்ணும் கையில் உள்ளனவா என்று கேட்டு எழுதி, தொழிற்சங்க அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். ஒப்பந்தக்காரர் வழியே பெட்டி சுமந்தவர்களும் விமானம் துடைத்தவர்களும் எந்தப் பட்டியலிலும் இருக்க வாய்ப்பில்லை. அவர்கள் பெயரையும் தனியே குறித்துக்கொள்ளுங்கள்.